செவலை ஏன் கன்று வீசியது?

இந்தப் பாடத்தில் வரும் குடும்பம் கற்பனைக் குடும்பம். ஆனால் ஊர் உண்மை. நோயும் உண்மை. மாடு வளர்க்கும் எந்த வீட்டிலும் இது நடக்கலாம்.

விடியற்காலையில் நடந்தது

சின்னக்கானல் ஒரு மலை ஊர். கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் தேயிலைத் தோட்டம். மறுபக்கம் ஏலத்தோட்டம். போடிமெட்டு வழியாக மலை இறங்கினால் தமிழ்நாட்டின் போடிநாயக்கனூர் வந்துவிடும். தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக இந்த மலையில் தோட்ட வேலை செய்கின்றன.

அங்கே ஒரு லயத்து வீடு. வீட்டில் மாமியார், மகன், மருமகள். மருமகள் மூன்று மாதக் கர்ப்பிணி. தோட்டக் கூலி கைக்கும் வாய்க்கும் சரியாகப் போகும். மேல் செலவுக்குப் பால் காசுதான். வீட்டில் இரண்டு கறவை மாடுகள். பழைய மாட்டின் பெயர் மயிலை. நான்கு மாதத்துக்கு முன் சந்தையில் வாங்கிய மாட்டின் பெயர் செவலை. சீட்டுப் பணம் எடுத்து வாங்கிய மாடு அது. வாங்கும்போதே மூன்று மாதச் சினை.

ஒரு நாள் விடியற்காலை. மாமியார் தொழுவத்துக்குப் போனார். செவலை தலையைத் தொங்கப் போட்டு நின்றது. தரையில் கன்று கிடந்தது. ஏழு மாதக் கன்று. உயிர் இல்லை.

"ஐயோ, செவலை கன்னு வீசிருச்சே!" என்று கத்தினார்.

இளங்கொடி முழுதாக விழவில்லை. பாதி தொங்கிக்கொண்டு இருந்தது. மாமியார் வெறுங்கையால் அதை இழுத்து எடுத்தார். கொழுந்து கிள்ளிக் கிள்ளி அவர் விரல்களில் வெடிப்பு இருந்தது. அதை அவர் நினைக்கவில்லை. கன்றைத் தொழுவத்துக்குப் பின்னால் புதைத்தார். குழி முழங்கால் ஆழம்கூட இல்லை.

அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள். ஒருவர் கண்ணேறு என்றார். ஒருவர் மாடு சரிவில் வழுக்கி இருக்கும் என்றார். மருமகள் மட்டும் வேறு மாதிரி பேசினாள்.

"அத்தை, மாட்டாஸ்பத்திரியில சொல்லிருவோம். டாக்டரம்மா வந்து பாக்கட்டும்."

"செத்த கன்னைப் பாத்து என்ன செய்யப் போறாங்க? மாட்டுக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டு நாள்ல தீனி தின்னும்."

மாமியார் சொன்னது சரியாகத்தான் இருந்தது. இரண்டு நாளில் செவலை தீனி தின்றது. பாலும் கொஞ்சம் கறந்தது. பார்வைக்கு நல்ல மாடாகவே இருந்தது. அதுதான் இந்த நோயின் சூது.

வியாபாரி சொன்ன யோசனை

மூன்றாம் நாள் ஒரு மாட்டு வியாபாரி வந்தார்.

"கன்னு வீசின மாட்டை வச்சுக்காதீங்க. நான் பிடிச்சுக்கிறேன். கன்னு வீசின விஷயத்தை யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். மலைக்குக் கீழே கொண்டுபோய்த் தள்ளிருவேன்" என்றார்.

மாமியார் யோசித்தார். சீட்டுப் பணம் இன்னும் கட்டி முடியவில்லை. மாட்டை விற்றால் பாதிக் காசாவது வரும்.

மருமகள் கேட்டாள்: "அத்தை, நமக்கு வித்தவங்களும் இப்படித்தானே நினைச்சிருப்பாங்க?"

மாமியார் பதில் சொல்லவில்லை. வியாபாரியைப் பிறகு வரச் சொன்னார். மகனை மாட்டாஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

டாக்டரம்மா வந்தார்

டாக்டரம்மா கையுறை போட்டுக்கொண்டார். முகக்கவசம் கட்டிக்கொண்டார். பிறகுதான் மாட்டைத் தொட்டார். பல கேள்விகள் கேட்டார்.

"எத்தனாவது மாசத்துல வீசுச்சு? கொடியை யார் எடுத்தது? மாட்டை எங்க வாங்குனீங்க? வாங்கும்போது ரத்தம் சோதிச்சீங்களா?"

சோதிக்கவில்லை. சோதிக்க வேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

"பாட்டி, கன்னு வீச்சுக்குப் பல காரணம் உண்டு. அடிபட்டாலும் வீசும். வேற நோய்களாலும் வீசும். ஆனா அஞ்சு மாசத்துக்கு மேல வீசுனா, கொடியும் விழாம நின்னா, ஒரு நோயை நாம சந்தேகப்படணும். அதுக்குப் பேரு புருசெல்லோசிஸ். தமிழ்ல கன்று வீச்சு நோய்னு சொல்வாங்க."

டாக்டரம்மா இரண்டு மாடுகளிடமும் ரத்தம் எடுத்தார். பால் எடுத்தார். செவலையின் கருப்பையில் இருந்து வடிந்த நீரைப் பஞ்சுக்குச்சியில் எடுத்தார். எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் வைத்தார்.

பிறகு கன்றைப் புதைத்த இடத்தைப் பார்த்தார். கன்றையும் கொடியையும் ஆழக் குழியில் புதைக்க வைத்தார். மேலே சுண்ணாம்பு போடச் சொன்னார். நாய் தோண்டாதபடி கல் வைக்கச் சொன்னார். செவலை நின்ற இடத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் கழுவ வைத்தார். செவலையைத் தனியாகக் கட்டச் சொன்னார்.

மருமகளிடம் சொன்னார்: "நீ கர்ப்பிணி. இந்த மாட்டுப் பக்கம் இப்போ போகாதே. பாலைக் கொதிக்க வைக்காம யாரும் குடிக்க வேண்டாம்."

இது என்ன நோய்?

புருசெல்லா என்பது ஒரு கிருமி. பாக்டீரியா வகையைச் சேர்ந்தது. கண்ணுக்குத் தெரியாது. சினைமாட்டின் கருப்பையில் அது பெருகும். கொடியைக் கெடுக்கும். அதனால் கன்றுக்கு ஊட்டம் போகாது. கன்று செத்து விழும்.

விழுந்த கன்றிலும் கொடியிலும் கருப்பை நீரிலும் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். அது பட்ட புல்லை வேறு மாடு மேய்ந்தால் நோய் ஒட்டும். அது பட்ட தண்ணீரைக் குடித்தாலும் ஒட்டும். வெயில் பட்டால் கிருமி சீக்கிரம் சாகும். குளிர்ந்த, ஈரமான, நிழலான மண்ணில் நெடுநாள் உயிரோடு இருக்கும். மலை ஊரில் வெயில் குறைவு, ஈரம் அதிகம். அதனால் இங்கே இன்னும் கவனம் வேண்டும்.

நோய் வந்த மாடு பெரும்பாலும் ஒருமுறைதான் கன்று வீசும். அடுத்த ஈற்றில் உயிருள்ள கன்று போடலாம். உடனே நாம் நோய் போய்விட்டது என்று நினைப்போம். நோய் போகாது. கிருமி மடியில் தங்கும். பாலில் வரும். ஒவ்வொரு ஈற்றின்போதும் வெளியே வரும். நல்ல மாடு போலத் தெரியும் மாடு மற்ற மாடுகளுக்கு நோயைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

மனிதருக்கும் வரும்

இந்த நோய் மாட்டோடு நிற்காது. மனிதருக்கும் வரும். கொடியை வெறுங்கையால் தொட்டால் வரும். கையில் புண் இருந்தால் எளிதாக வரும். காய்ச்சாத பாலைக் குடித்தாலும் வரும்.

இந்த உண்மையை உலகம் அறிந்தது மால்டா என்ற தீவில். மால்டா ஐரோப்பாவின் தென்கோடியில், கடல் நடுவே உள்ளது. அங்கே இருந்த ஆங்கிலப் படைவீரர்கள் பலருக்குக் காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு வந்தது. மாதக்கணக்கில் வாட்டியது. சிலர் இறந்தார்கள். டேவிட் புரூஸ் என்ற படை மருத்துவர் அந்தக் கிருமியைக் கண்டறிந்தார். 1887-இல் அதை வெளியிட்டார். அவர் பெயரால்தான் அந்தக் கிருமிக்குப் புருசெல்லா என்று பெயர் வந்தது.

கிருமி தெரிந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. 1905-இல் தெமிஸ்டோக்ளிஸ் சாமிட் என்ற மால்டா மருத்துவர் ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்தார. அந்த ஆடுகள் பார்வைக்கு நன்றாக இருந்தன. ஆனால் அவற்றில் நோய் இருந்தது. படைவீரர்கள் ஆட்டுப்பால் குடித்து வந்தார்கள். 1906-இல் படைக்கு ஆட்டுப்பால் கொடுப்பதை நிறுத்தினார்கள். படையில் காய்ச்சல் வேகமாகக் குறைந்தது.

மாட்டில் கன்று வீச்சை உண்டாக்கும் கிருமியை 1897-இல் பெர்ன்ஹார்ட் பாங் கண்டறிந்தார். அவர் டென்மார்க் நாட்டு மருத்துவர். இரண்டும் ஒரே இனக் கிருமிகள் என்று பின்னால் தெரிந்தது.

மாமியாருக்குக் காய்ச்சல்

செவலை கன்று வீசி மூன்று வாரம் ஆகியிருந்தது. மாமியாருக்குச் சாயங்காலம் ஆனால் காய்ச்சல் அடித்தது. இரவில் வேர்த்துக் கொட்டியது. காலையில் காய்ச்சல் இல்லை. மூட்டு வலித்தது. இடுப்பு வலித்தது. கூடையைத் தூக்க முடியவில்லை. கடையில் மாத்திரை வாங்கிப் போட்டார். காய்ச்சல் விட்டு விட்டு வந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். மருமகள் அங்கே மறக்காமல் ஒன்றைச் சொன்னாள்.

"எங்க மாடு கன்னு வீசுச்சுங்க டாக்டர். அத்தைதான் வெறுங்கையால கொடியை எடுத்தாங்க."

அந்த ஒரு வார்த்தைதான் வழியைக் காட்டியது. இந்தக் காய்ச்சலை டைபாய்டு என்று நினைப்பது உண்டு. மலேரியா, காசநோய் என்று நினைப்பதும் உண்டு. மாட்டுச் சங்கதியைச் சொன்னால்தான் மருத்துவருக்குப் புருசெல்லா நினைவுக்கு வரும். மாமியாரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். நோய் உறுதி ஆனது. இரண்டு வகை மருந்து கொடுத்தார்கள். ஆறு வாரம் விடாமல் சாப்பிடச் சொன்னார்கள். காய்ச்சல் நின்றதும் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்ப வரும் என்று எச்சரித்தார்கள்.

மருமகளின் ரத்தத்தையும் சோதித்தார்கள். அவளுக்கு நோய் இல்லை. கர்ப்பிணிக்கு இந்த நோய் வந்தால் கரு கலையலாம். மாமியார் அதைக் கேட்டதும் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

சுவட்டைப் பார்க்கும் சோதனை

இனி மாடுகளின் சோதனைக்கு வருவோம்.

சின்னக்கானல் மக்களுக்கு யானை புதிதல்ல. இரவில் யானை வந்து போகும். காலையில் ஏலத்தோட்டத்தில் சுவடு கிடக்கும். யானையைப் பார்க்காவிட்டாலும் சுவட்டைப் பார்த்து யானை வந்தது என்று சொல்லிவிடலாம்.

ரத்தச் சோதனையும் இப்படித்தான். கிருமி உடம்புக்குள் வந்தால் உடம்பு அதை எதிர்க்கும். அதற்காக ஒரு பொருளை உண்டாக்கும். அதற்கு எதிர்ப்புப் பொருள் என்று பெயர். ரத்தச் சோதனை கிருமியைப் பார்ப்பதில்லை. எதிர்ப்புப் பொருள் என்னும் சுவட்டைப் பார்க்கிறது.

ரோஸ் பெங்கால் சோதனை இந்த வகை. இளஞ்சிவப்பு மருந்து ஒரு சொட்டு. ரத்தத்தில் பிரித்த தெளிநீர் ஒரு சொட்டு. இரண்டையும் கலப்பார்கள். நான்கு நிமிடத்துக்குள் கட்டி கட்டியாகத் திரிந்தால் நோய் இருக்கலாம். செலவும் குறைவு.

பாலிலும் சுவட்டைப் பார்க்கலாம். பல மாடுகளின் பால் சேர்ந்த கேனில் இருந்து கொஞ்சம் பால் எடுப்பார்கள். சாயம் ஏற்றிய மருந்தைக் கலப்பார்கள். நோய் உள்ள மாட்டின் பால் அதில் இருந்தால் மேலே ஆடையில் நீல வளையம் தெரியும். இதற்குப் பால் வளையச் சோதனை என்று பெயர். எந்த ஊர்ப் பாலில் நோய் இருக்கிறது என்று முதலில் அறிய இது உதவும்.

சுவட்டில் இரண்டு குறை உண்டு. நோய் ஒட்டிய உடனே சுவடு விழாது. சில வாரம் ஆகும். இது முதல் குறை.

இரண்டாவது குறையை யானையை வைத்தே சொல்லலாம். 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைப் பிடித்தார்கள். அதற்காகக் கும்கி யானைகளைக் கொண்டுவந்தார்கள். கும்கி பழக்கிய யானை. ஆனால் மண்ணில் அதன் சுவடும் காட்டு யானையின் சுவடு போலத்தான் இருக்கும். நோய்த் தடுப்பூசி கும்கி போன்றது. தடுப்பூசி போட்ட கன்றின் ரத்தத்திலும் சில காலம் எதிர்ப்புப் பொருள் இருக்கும். சுவட்டை மட்டும் பார்த்தால் நோயா தடுப்பூசியா என்று குழப்பம் வரும்.

செவலையிடம் இந்தக் குழப்பம்தான் வந்தது. அதன் ரத்தம் ரோஸ் பெங்கால் சோதனையில் திரிந்தது. ஆனால் கன்றாக இருந்தபோது அதற்குத் தடுப்பூசி போட்டார்களா? வாங்கியவர்களுக்குத் தெரியாது. மயிலையின் ரத்தம் திரியவில்லை. ஆனால் செவலை கன்று வீசியபோது பக்கத்தில் கட்டி இருந்தது மயிலைதான். சுவடு விழ இன்னும் நாள் ஆகலாம். அதனால் இரண்டு மாடுகளுக்கும் மரபணுச் சோதனை செய்யச் சொன்னார் டாக்டரம்மா.

மரபணுச் சோதனை

மாமியார் கேட்டார்: "மரபணுன்னா என்னம்மா?"

மாமியார் சமீபத்தில்தான் மாலை வகுப்பில் எழுத்துக் கற்றவர். டாக்டரம்மா அதை வைத்தே விளக்கினார்.

"பாட்டி, ஒவ்வொரு உயிருக்குள்ளயும் ஒரு எழுத்து இருக்கு. அந்த உயிர் எப்படி இருக்கணும், எப்படி வளரணும்னு அதுலதான் எழுதியிருக்கு. அதுக்கு டி.என்.ஏ.ன்னு பேரு. தமிழ்ல 247 எழுத்து. அதுல நாலே எழுத்துதான். நாலு எழுத்தும் மாறி மாறி வரும். புருசெல்லா கிருமியோட புத்தகத்துல சுமார் 33 லட்சம் எழுத்து இருக்கு. மாட்டோட புத்தகம் வேற. மனுஷனோட புத்தகம் வேற. புருசெல்லாவுக்கு மட்டுமே உள்ள சில வரிகள் உண்டு. அந்த வரி பால்ல கிடைச்சா, கிருமி அங்க வந்திருக்குன்னு அர்த்தம்."

ஆனால் பாலில் கிருமி கொஞ்சம்தான் இருக்கும். அந்த ஒரு வரியை எப்படித் தேடுவது? அதற்கு ஒரு வழி உண்டு. அந்த வரியைப் படி எடுத்துப் பெருக்குவார்கள். இந்த முறைக்குப் பி.சி.ஆர். என்று பெயர். 1983-இல் கேரி மல்லிஸ் என்ற அமெரிக்க அறிவியலாளர் இதைக் கண்டுபிடித்தார். 1993-இல் இதற்காக நோபல் பரிசு பெற்றார். 2020-இல் கொரோனா வந்தபோது நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்துச் செய்த சோதனையும் இந்த வகையே.

அதை இப்படிச் செய்கிறார்கள். முதலில் பாலில் இருந்து டி.என்.ஏ.வைப் பிரிப்பார்கள். அது முறுக்கிய இரட்டைக் கயிறு போன்றது. அதைச் சூடாக்குவார்கள். கயிறு இரண்டாகப் பிரியும். பிறகு சூட்டைக் குறைப்பார்கள். தேடும் வரி அங்கே இருந்தால், அதன் இரு ஓரங்களிலும் ஒரு சிறு துண்டு போய் ஒட்டும். வரி இல்லாவிட்டால் ஒட்டாது. ஒட்டிய இடத்தில் இருந்து புதுப் படி உருவாகும். ஒன்று இரண்டாகும். மறுபடி சூடு, மறுபடி படி. இரண்டு நான்காகும். நான்கு எட்டாகும்.

பத்து முறை செய்தால் ஒன்று 1024 ஆகும். இருபது முறை செய்தால் 10 லட்சத்தைத் தாண்டும். முப்பது முறை செய்தால் 100 கோடியைத் தாண்டும். இயந்திரம் இதைச் சில மணி நேரத்தில் செய்துவிடும். அவ்வளவு படிகள் சேர்ந்தால் கருவி அதைக் காட்டிவிடும்.

இந்தச் சோதனை சுவட்டைத் தேடுவதில்லை. கிருமியின் எழுத்தையே தேடுகிறது. அதனால் எதிர்ப்புப் பொருள் உண்டாகும் முன்பே சில மாடுகளில் நோயைக் கண்டுபிடிக்க முடியும். தடுப்பூசிக் கிருமிக்கும் நோய்க் கிருமிக்கும் எழுத்தில் வேறுபாடு உண்டு. தடுப்பூசிக் கிருமியின் புத்தகத்தில் ஓர் இடத்தில் சில வரிகள் இல்லை. அந்த இடத்தைச் சோதித்தால் கும்கி எது, காட்டு யானை எது என்று தெரிந்துவிடும்.

இதிலும் ஒரு குறை உண்டு. கிருமி எல்லா நாளும் பாலில் வராது. எடுத்த பாலில் கிருமி இல்லாவிட்டால் சோதனையும் இல்லை என்றே சொல்லும். அதனால் ஒருமுறை இல்லை என்று வந்தால் போதாது. ரத்தச் சோதனையும் மரபணுச் சோதனையும் ஒன்றுக்கு ஒன்று துணை. அவசியம் என்றால் திரும்பவும் சோதிக்க வேண்டும்.

இந்தச் சோதனைகளுக்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டும். கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் மாநில விலங்கு நோய் ஆய்வு நிலையம் உள்ளது. மண்ணுத்தியிலும் பூக்கோட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உள்ளது. நாம் அங்கெல்லாம் அலைய வேண்டாம். ஊர் மாட்டாஸ்பத்திரியில் சொன்னால் போதும்.

முடிவு வந்தது

சோதனை முடிவு வந்தது. மாமியார் தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். செவலையிடம் இருந்தது தடுப்பூசிக் கிருமி அல்ல. நோய்க் கிருமியேதான். மயிலையின் பாலில் கிருமி இல்லை. ஆனால் மயிலையை ஒரு மாதம் கழித்துத் திரும்பவும் சோதிக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

"செவலைக்கு மருந்து கிடையாதாம்மா?" என்று மாமியார் கேட்டார்.

"மனுஷனுக்கு மருந்து உண்டு பாட்டி. மாட்டுக்குள்ள கிருமி ஒளிஞ்சுக்கும். மருந்து கொடுத்தாலும் முழுசாப் போகாது. இந்த மாட்டை மத்த மாட்டோட சேத்து வைக்கக் கூடாது. சந்தைக்கும் அனுப்பக் கூடாது."

2009-இல் நம் நாட்டில் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் பட்டியலில் இந்த நோயும் இருக்கிறது. நோய் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் மாட்டுக்காரர் தெரிவிக்க வேண்டும். மாட்டைப் பிரித்து வைக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் வியாபாரி திரும்ப வந்தார். "என்னம்மா, பிடிச்சுட்டுப் போகவா?" என்றார்.

"வேண்டாம்யா. சொல்லாம வித்ததாலதான் எங்க வீட்டுக்கு இது வந்துச்சு. நானும் சொல்லாம வித்தா, இன்னொரு வீட்டுல ஒரு பொம்பளை வெறுங்கையால கொடியை எடுப்பா. அவ மருமகளும் வயித்துப் பிள்ளையோட இருப்பா."

வியாபாரி போய்விட்டார். செவலை தனித் தொழுவத்தில் நின்றது. பிறகு டாக்டரம்மா சொன்ன முறைப்படி அது மந்தையை விட்டு நீக்கப்பட்டது. அன்று இரவு மாமியார் சாப்பிடவில்லை. சீட்டுப் பணம் அடைக்க எட்டு மாதம் பிடித்தது. ஆனால் மயிலையை மூன்று முறை சோதித்தார்கள். மூன்று முறையும் நோய் இல்லை. மருமகளுக்கு ஆண் குழந்தை சுகமாகப் பிறந்தது.

வரும்முன் காக்கலாம்

இந்த நோய்க்குத் தடுப்பூசி உண்டு. அதன் பெயர் எஸ்-19. கிடேரிக் கன்றுக்கு நான்கு மாதம் முதல் எட்டு மாதத்துக்குள் போட வேண்டும். ஆயுளுக்கு ஒரு முறை போட்டால் போதும். காளைக் கன்றுக்குப் போடக் கூடாது. சினைமாட்டுக்கும் போடக் கூடாது.

2019 செப்டம்பரில் மத்திய அரசு தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. கோமாரி நோய்க்கும் கன்று வீச்சு நோய்க்கும் அதில் தடுப்பூசி போடுகிறார்கள். மாட்டின் காதில் 12 இலக்க எண் உள்ள வில்லை மாட்டுகிறார்கள். எந்த மாட்டுக்கு எப்போது ஊசி போட்டது என்று அந்த எண்ணை வைத்துப் பதிவு செய்கிறார்கள்.

மயிலைக்கு ஐந்து மாதக் கிடேரிக் கன்று இருந்தது. டாக்டரம்மா அதற்குத் தடுப்பூசி போட்டார். மாமியார் காது வில்லையில் உள்ள எண்ணைப் படித்தார். காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்தார். ஊசி போட்ட தேதியையும் எழுதினார்.

சினை ஊசி போடுவதும் ஒரு பாதுகாப்பு. சின்னக்கானலுக்கு அருகே, மூணாறைத் தாண்டி மாட்டுப்பட்டி உள்ளது. 1963-இல் சுவிட்சர்லாந்து நாட்டின் உதவியோடு அங்கே மாட்டுப் பண்ணை தொடங்கினார்கள். சுவிஸ் காளைகளையும் நாட்டுப் பசுக்களையும் சேர்த்துச் சுனந்தினி என்ற கலப்பினம் உருவானது. இன்று அந்தப் பண்ணையைக் கேரளக் கால்நடை வளர்ச்சி வாரியம் நடத்துகிறது. பாலக்காடு மாவட்டம் தோணியிலும் வாரியத்துக்குப் பண்ணை உண்டு. சினை ஊசிக்கு விந்து எடுக்கும் காளைகளுக்குப் புருசெல்லா, காசநோய் போன்ற நோய்கள் உண்டா என்று முறையாகச் சோதிக்க வேண்டும் என்பது நாட்டின் விதி. ஊர் சுற்றும் காளைக்கு இந்தச் சோதனை கிடையாது.

இந்த நோயை ஒழிக்க முடியுமா? முடியும். ஆஸ்திரேலியா பல ஆண்டுகள் மாடுகளைச் சோதித்தது. தடுப்பூசி போட்டது. நோய் உள்ள மாடுகளை நீக்கியது. 1989-இல் மாடுகளின் கன்று வீச்சு நோய் அங்கே ஒழிந்தது.

நினைவில் வைப்போம்

1. மாடு கன்று வீசினால் உடனே மாட்டாஸ்பத்திரியில் சொல்ல வேண்டும்.
2. கன்றையும் கொடியையும் வெறுங்கையால் தொடக் கூடாது.
3. கன்றையும் கொடியையும் ஆழக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். ஓடையில் எறியக் கூடாது.
4. பாலைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். சீம்பாலையும் பச்சையாகச் சாப்பிடக் கூடாது.
5. மாடு வாங்கும் முன் ரத்தம் சோதிக்க வேண்டும். காது வில்லை எண்ணையும் கேட்டு வாங்க வேண்டும்.
6. கிடேரிக் கன்றுக்கு எட்டு மாதத்துக்குள் தடுப்பூசி போட வேண்டும்.
7. விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தால், வீட்டில் மாடு இருப்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.
8. நோயுள்ள மாட்டை மறைத்து விற்கக் கூடாது.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் ஊரில் மாடு கன்று வீசினால் என்ன செய்கிறார்கள்?
2. செவலை நல்ல மாடு போலத் தெரிந்தது. ஆனாலும் ஆபத்து இருந்தது. ஏன்?
3. ரத்தச் சோதனை எதைத் தேடுகிறது? மரபணுச் சோதனை எதைத் தேடுகிறது?
4. மாமியார் செவலையை விற்றிருந்தால் யார் யாருக்குத் துன்பம் வந்திருக்கும்?
5. உங்கள் மாட்டின் காது வில்லை எண்ணைப் பார்த்து எழுதுங்கள். கன்றுக்குத் தடுப்பூசி போட்ட தேதியையும் எழுதுங்கள்.